பலகைக்கு இந்தப் பக்கம்

அந்தக் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் எந்தக் குருவின் இடுப்பு எத்தனை அங்குலம் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் தையல் டீச்சர். கடவுள் வெளியே சொல்லமாட்டார். டீச்சரும் சொல்லமாட்டார், ஆனால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அது அப்பா காலத்து நோட்டு. அப்பா குருக்களுக்கு அங்கி தைத்தவர். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஓர் அங்கிக்கு முப்பத்து மூன்று பொத்தான், முப்பத்து மூன்று காஜா. ஒன்பது வயதிலிருந்து அந்தப் பொத்தான்களைத் தைத்தது டீச்சர்தான். அப்பா டேப்பைப் பிடித்து எண்ணைச் சொல்ல, நோட்டில் எழுதியதும் அவர்தான். உபவாசம் இருக்கும் தவக்காலத்துக்கு முன் எடுத்த அளவும் தவக்காலம் முடிந்து எடுத்த அளவும் ஒன்றாகவே இருப்பதை அந்த வயதிலேயே கவனித்திருக்கிறார். இரண்டு குருக்களுக்கு முக்கால் அங்குலம் கூடியும் இருந்தது. அப்பாவிடம் கேட்டதற்கு, "துணி சுருங்கியிருக்கும், எழுது" என்றார்.

இப்படி அளந்து வளர்ந்த பிள்ளைக்கு ஞானோபதேசம் என்கிற வேதப் பாட வகுப்பு ஒத்துக்கொள்ளாமல் போனதில் ஆச்சரியமில்லை. பதின்மூன்று வயதில், இதே பள்ளிக்கூடத்தில், அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த இருபத்திரண்டு வயது ஞானோபதேச சார் ஆதாம் ஏவாள் கதையை நடத்திக்கொண்டிருந்தார். பழம் தின்றார்கள், நிர்வாணம் தெரிந்தது, அத்தி இலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டார்கள் என்றார். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது.

"சார், ஊசி ஏது?"

"என்ன ஊசி?"

"தைச்சாங்கன்னு சொன்னீங்களே. ஊசி இல்லாம எப்படித் தைக்கறது? அவங்க ரெண்டு பேரைத் தவிர உலகத்துல ஆளே இல்லன்னீங்க. ஊசி யாரு குடுத்தா?"

வகுப்பே சிரித்தது. சாருக்கு வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். வெளியே போய் முட்டி போடச் சொன்னார். வராந்தாவில் முட்டி போட்டபடி, இலைக்கு ஓட்டுத் தையல் சரிப்படுமா, ஓரம் மடித்துத் தைத்தால் கிழியாதா என்று யோசித்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. கேள்விக்குப் பதில் கடைசிவரை வரவில்லை.

நம்பிக்கை அன்றைக்கே போய்விட்டது என்று யாராவது சொன்னால் டீச்சர் ஒப்புக்கொள்ளமாட்டார். சட்டைப் பொத்தான் அறுந்து விழும் நாள் யாருக்கும் தெரியாது. மாட்டப்போகும்போதுதான் அது இல்லை என்பது தெரியும். அப்பா இறந்த அன்று ஜெபம் சொல்லப் போனார், கை வெறும் துணியைத் தடவியது. அவ்வளவுதான். அதற்காக அவர் அழவும் இல்லை, அலட்டிக்கொள்ளவும் இல்லை. குருக்களுக்கு அங்கி தைப்பதை மட்டும் விடவில்லை. "நம்பிக்கை இருக்கறவங்க தைச்சாதான் பொத்தான் நிக்குமா?" என்பார்.

இந்த டீச்சரைத்தான் அந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகமாக வைத்திருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஓர் உத்தரவு வரும்: 'இந்த ஓராண்டுக்கு மட்டும்.' பத்தொன்பது உத்தரவுகளையும் ஒரே அட்டையில் குத்தி வைத்திருந்தார். இந்த வருஷம் நிரந்தரமாக்கிவிடுவதாகத் தலைமையாசிரியையான பெரிய சிஸ்டர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

தையலோடு இன்னொரு வேலையும் டீச்சர் தலையில் கட்டப்பட்டிருந்தது. செவ்வாயும் வியாழனும் மூன்றாம் பீரியடில், ஏழாம் வகுப்பின் கத்தோலிக்கப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் ஞானோபதேசத்துக்குப் போவார்கள். மீதிப் பதினொரு பேரைத் தெருவில் விட முடியாது. அவர்களுக்கு நல்லொழுக்க வகுப்பு. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைகளையும் நம்பிக்கை போன டீச்சரையும் ஒரே அறையில் போட்டால் இரண்டு தலைவலி ஒன்றாகும் என்று பெரிய சிஸ்டர் கணக்குப் போட்டார்.

அறை என்றால் தனி அறை இல்லை. மடத்தின் பழைய சாப்பாட்டுக்கூடம் ஒன்றைப் பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு கதவு, ஆணியடித்து மூடியது. அந்தப் பக்கம் ஞானோபதேசம், இந்தப் பக்கம் நல்லொழுக்கம். பலகையின் கனம் முக்கால் அங்குலம். டீச்சர் அளந்திருக்கிறார்.

நல்லொழுக்கப் புத்தகத்தில் இருபத்து நான்கு கதைகள். ஒவ்வொன்றின் அடியிலும் கட்டம் கட்டி ஒரு நீதி. டீச்சர் கதையை வாசிப்பார், நீதியைக் கையால் மறைத்துக்கொண்டு, "சொல்லுங்க, இதுல யாரு மேல தப்பு?" என்பார். 'இங்கேயே நில்' என்று அம்மா சொன்னதற்காக மழையில் நனைந்துகொண்டே நின்ற பையனின் கதை வந்தது. கீழ்ப்படிதல் என்பது புத்தகத்தின் நீதி.

"அம்மா மறந்துட்டாங்க, அதான் நீதி" என்றான் ஒருவன்.

"அவனுக்கு அறிவில்லைன்னு போடலாம் டீச்சர்" என்றாள் பூட்டுக்காரர் மகள்.

கை தூக்கச் சொன்னார். அறிவில்லாமைக்கு எட்டு ஓட்டு, மறதிக்கு இரண்டு. கீழ்ப்படிதலுக்கு ஒன்று; அந்தப் பிள்ளை எப்போதும் புத்தகத்தோடு நிற்கும். டீச்சர் மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டார். "மூணும் இருக்கட்டும். உங்க உங்களுக்குப் பொருந்தறதைப் போட்டுக்கோங்க."

இந்த வேகத்தில் போனால் புத்தகம் அரை வருஷத்தில் முடிந்துவிடும். முடிந்தது. மீதி அரை வருஷத்துக்கு டீச்சர் தனக்குத் தெரிந்த நல்லொழுக்கத்தைக் கொடுத்தார்: ஆளுக்கு ஓர் ஊசி, ஒரு துண்டுத் துணி, பொத்தான், காஜா, ஓரம் மடித்தல். ஒரே ஒரு விதி. ஊசி கையில் இருந்தால் வாய் மூடியிருக்க வேண்டும். அவருடைய அத்தை பேசிக்கொண்டே தைத்து ஒரு குண்டூசியை விழுங்கியவர். அதனால் அந்த விதியில் மட்டும் ஓட்டெடுப்பு கிடையாது.

ஆக, பலகைக்கு இந்தப் பக்கம் பதினொரு பிள்ளைகள், மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல். அந்தப் பக்கம் ஞானோபதேச சார்.

சாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'இடி'. ஐம்பத்தெட்டு வயதிலும் அந்தத் தொண்டை தேயவில்லை. ஒரு கேள்வியை மூன்று முறை கேட்பார், பதிலை மூன்று முறை சொல்வார். புதுப் புத்தகத்தில் வார்த்தைகள் மாறிவிட்டன, சார் மாறவில்லை. சாவான பாவம், அற்பப் பாவம், மோட்சத்துக்கு முன் ஆத்துமாக்கள் பாவக்கறை போக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் என்று பழைய வார்த்தைகளையே போட்டு முழக்குவார். அவருடைய முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் இதெல்லாம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். யார் ருசி பார்ப்பார்கள்? முன்வரிசை கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும். பின்வரிசை புள்ளி வைத்துக் கட்டம் கட்டும் ஆட்டம் ஆடும். இந்தப் பக்கத்துப் பதினொன்றுக்கோ வாயைத் திறக்க வழியில்லை, காதை மூடவும் வழியில்லை.

மற்றப் பாடங்களுக்கு மூன்று மாதம் முன்னதாகவே ஞானோபதேசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் ஆண்டுத் தேர்வு வந்தது. ஞானோபதேசத் தாள், மறைமாவட்டத்துக்குத் தலைவரான ஆயரின் இல்லத்திலிருந்து முத்திரை வைத்த உறையில் வரும். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே தாள். பிள்ளைகள் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும். நல்லொழுக்கத் தாளை டீச்சர் எழுதிக்கொடுக்க, அலுவலகத்தில் படியெடுப்பார்கள். அந்த வருஷம் பார்த்துப் படியெடுக்கும் இயந்திரம் காலைவாரிவிட்டது. மை கக்கியது, காகிதத்தை மென்றது, நின்றது.

கூடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். முப்பத்தொரு பேர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலோரத்துப் பதினொரு பேர் கையில் காகிதம் இல்லாமல் கிசுகிசுத்தார்கள். கண்காணிப்பு வேலை தையல் டீச்சருக்குத்தான். ஆயர் இல்லத்து உறையில் எப்போதும் பன்னிரண்டு தாள் உபரியாக இருக்கும். டீச்சர் அதை எடுத்துக் கொடுத்தார்.

"சும்மா இருக்காம இதைப் பார்த்து ஏதாவது எழுதுங்க. மார்க் கிடையாது. வாய் மட்டும் மூடியிருக்கணும்."

அவர் செய்தது அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்துப் பியூன் நாற்பத்திரண்டு தாளையும் அள்ளி, எண் வரிசையில் அடுக்கி, நூல் கட்டி, அரக்கு வைத்து ஆயர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார். பியூன் மேலும் குற்றமில்லை. இருபது வருஷமாகக் கூடத்தில் இருக்கும் தாளையெல்லாம் அள்ளி அனுப்புவதுதான் அவர் வேலை.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. பெரிய சிஸ்டர் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு மணியடிக்கச் சொன்னார். மைதானத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, பதினாறு வருஷத்துக்குப் பிறகு மறைமாவட்டத்திலேயே முதலிடம் நம்முடையது, ஏழாம் வகுப்பு, எண் முப்பத்தெட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று அறிவித்தார். ஆயரே வந்து பரிசு கொடுக்கப்போகிறார் என்றார். ஞானோபதேச சாரைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் யாரோ வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள்.

முப்பத்தெட்டு, பூட்டுக்காரர் மகள்.

பூட்டுக்காரர் வீட்டில் எந்தச் சாமியும் கிடையாது. வேறு மதம் என்றாலாவது ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதர் பிள்ளையைச் சேர்க்க வந்தபோது விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதியவர்.

மறுநாள் காலை பெரிய சிஸ்டர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் விடைத்தாள் விரித்திருந்தது. கடைசிக் கேள்வி, உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி உன் சொந்த வார்த்தைகளில் எழுதுக. பிள்ளை எழுதியிருந்தது: 'எங்கள் அப்பா கடையில் ஒரு அலமாரி இருக்கிறது. ரிப்பேருக்கு வந்த பூட்டுகளை அதில் வைப்பார். உடனே சரியாகாது. எண்ணெய் போட்டு ஊறவைக்க வேண்டும். உத்தரிக்கிற ஸ்தலம் அந்த மாதிரி. ஆனால் இந்தப் பூட்டு தேறாது என்று அப்பா இதுவரை எதையும் தூக்கிப்போட்டதில்லை. அதனால் நரகம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்று பலகைக்கு அந்தப் பக்கம் சார் மூன்று முறை சொன்னார்.'

பக்கத்தில் திருத்திய குருவின் சிவப்பு மை: 'நல்ல பதில். எனக்கும் தெரியவில்லை. முழு மதிப்பெண்.'

"படிச்சீங்களா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"கையெழுத்து கொஞ்சம் திருந்தணும் சிஸ்டர். மத்தபடி நல்லா இருக்கு."

"டீச்சர், நான் விளையாடல. ஆயர் வர்றதுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு எப்படிப் பரிசு குடுப்பார்?"

"தாள் தவறிப் போயிடுச்சுன்னு உள்ளதைச் சொல்லிடலாமே. குடுத்தது நான்தான்."

"சொல்லலாம். அப்புறம் அடுத்த கேள்வி என்ன வரும்? பலகைக்கு உங்க பக்கம் பொத்தான் தைக்கற பிள்ளைக்குத் தெரிஞ்சது, நம்ம முப்பத்தொரு பிள்ளைங்களுக்கு ஏன் தெரியலைன்னு வரும். அதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" சிஸ்டர் ஒரு காகிதத்தைத் தள்ளினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சுது."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். துணியில் ஓட்டை தேடுகிறவர்போல ஒவ்வொரு வார்த்தையாகத்தான் அவர் படிப்பார். தேர்வின்போது எண் முப்பத்தெட்டு அருகிலிருந்த மாணவரைப் பார்த்து எழுதியதைக் கண்காணிப்பாளராகிய நான் கண்டேன், ஆகவே அத்தாளை ரத்து செய்யக் கோருகிறேன் என்றிருந்தது. மாணவர் என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு கோடு, காலியாக.

"இந்த இடம் காலியா இருக்கே சிஸ்டர்."

"அங்க ஒரு பேரு வரும். அப்புறம் போட்டுக்கலாம்."

"அளவு எழுதாம நான் துணி வெட்டினதில்ல."

பெரிய சிஸ்டர் ஃபைலைத் திறந்து காட்டினார். கடிதத்துக்குக் கீழே டீச்சரின் நிரந்தர உத்தரவு, தட்டச்சு செய்து தயாராக இருந்தது. "ரெண்டும் ஒரே ஃபைல்லதான் இருக்கு. ரெண்டுலயும் ஒரே நாள்ல கையெழுத்து ஆனா எனக்கும் சௌகரியம். வியாழக்கிழமை வரைக்கும் யோசிங்க."

சாயங்காலம் டீச்சர் பூட்டுக் கடை வழியாகப் போனார். கடை என்றால் ஒரு கதவின் அகலம். சுவர் முழுக்கச் சாவி. பூட்டுக்காரர் ஒரு பழைய பூட்டின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"பரிசு எங்களுக்கு வேணாம் டீச்சர். அவ சாமி கும்பிட்டாலும் சரி, கும்பிடாட்டியும் சரி, அது அவ இஷ்டம். நாளைக்கே ஞானஸ்நானம் வாங்கறேன்னு வந்து நின்னாலும் போடின்னு விட்டுடுவேன். ஆனா பார்த்து எழுதினாள், திருடினாள்னு காகிதத்துல வரக்கூடாது."

"புரியுது."

"உங்களுக்குப் புரியுமோ என்னமோ. ஊர்ல பாதி வீட்டுக் கதவை நான் திறந்திருக்கேன். ஆள் இல்லாத வீட்டுக்குள்ள என்னைத் தனியா விட்டுட்டுப் போறாங்க. ஏன்? எங்க வீட்டுப் பேரு மேல இதுவரைக்கும் ஒரு கீறல் இல்ல. பூட்டுக்காரன் மக திருடினாளாம்னு ஒரு வார்த்தை போதும், கடையை நானே பூட்டிட்டுப் போயிடலாம்." பிறகு கேட்டார்: "அது சரி, நரகத்துக்கு என்னதான் பதிலாம்?"

"திருத்தின ஃபாதருக்கே தெரியலையாம்."

"அப்ப நல்ல மனுஷனாத்தான் இருப்பார்" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அக்கா ஜெபமாலையின் நடுவில் இருந்தார். கணவர் போன பிறகு தங்கையோடு வந்து சேர்ந்தவர். தினமும் இரண்டு ஜெபமாலை. ஒன்று தனக்கு, இன்னொன்று டீச்சருக்கு. "உனக்கும் சேர்த்து நான்தான் சொல்றேன், என் விரல்தான் தேயுது" என்பார். "உன் புண்ணியத்துல எனக்கு நேரம் மிச்சம்" என்பார் டீச்சர். இது பதினோரு வருஷத்துப் பேச்சு.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா மணியை விரலால் பிடித்தபடியே சொன்னார்: "நானா இருந்தா போட்டுடுவேன்டி. நிரந்தரம்னா சும்மாவா? போட்டுட்டு, சனிக்கிழமை போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்குவேன்."

"அப்ப போடச் சொல்றியா?"

"உன்னை யாரு சொன்னா? எங்களுக்கு மன்னிக்க ஆள் இருக்கு. நீ யாருகிட்ட போவ? நம்பிக்கை இல்லாதவ தப்புப் பண்ணக்கூடாதுடி, கட்டுப்படி ஆகாது."

டீச்சர் அன்றிரவு நன்றாகத் தூங்கினார். அந்தக் கேள்விக்கு அவ்வளவு சுருக்கமான பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டாம் பீரியட் முடியும்போது டீச்சர் அலுவலக வாசலில் நின்றார். "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு பீரியட் என் கிளாஸ்ல வந்து உட்காருங்க சிஸ்டர். ஊசி, நூல் நான் தர்றேன்."

"எதுக்கு?"

"பார்த்து எழுதினாளா இல்லையான்னு நான் சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே பாருங்க."

பெரிய சிஸ்டர் வந்தார். பிள்ளைகளுக்கு நடுவில், குட்டையான பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார். டீச்சர் ஒரு துண்டுத் துணியும் நான்கு கண் பொத்தானும் கொடுத்து, "ஊசி கையில இருந்தா பேசக்கூடாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். சிஸ்டர் மடத்தில் சேர்ந்த புதிதில் தைத்ததோடு சரி. மூன்றாவது முயற்சியில்தான் நூல் கோர்த்தார்.

பலகைக்கு அந்தப் பக்கம் இடி ஆரம்பித்தது.

"உத்தரிக்கிற ஸ்தலம்னா என்ன? என்ன? என்ன? தூங்காத, எழுந்திரு. நம்ம பெரிய சிஸ்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு பெஞ்சு கிடக்கே, அதான். உள்ள கூப்பிடவும் மாட்டாங்க, வீட்டுக்குப் போன்னும் சொல்லமாட்டாங்க." இங்கே சாரின் குரல் மெலிந்து மூக்குக்குள் போனது, யாருடைய குரல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. "'கொஞ்சம் இருங்க சார், ஃபைல் பார்த்துக்கிட்டிருக்கேன்.' நான் முப்பத்தாறு வருஷமா அந்தப் பெஞ்சுல உத்தரிச்சிருக்கேன். ஆனா ஒண்ணு. எப்பவாவது ஒருநாள் கதவு திறக்கும். நரகத்துக்கும் இதுக்கும் அதான் வித்தியாசம். எழுதிக்கோ."

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் பாதி உறக்கத்தில் இருந்தார்கள். இந்தப் பக்கம் பதினொரு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு துணிக்குள் முகத்தைப் புதைத்தார்கள். சிஸ்டரின் ஊசி பொத்தானின் மூன்றாவது கண்ணில் அப்படியே நின்றது.

சிஸ்டர் ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "இது தினமும் உண்டா?" என்றார்.

"செவ்வாய், வியாழன் மட்டும்" என்றார் டீச்சர்.

சிஸ்டர் பக்கத்திலிருந்த பையனைத் திரும்பிப் பார்த்தார். எப்போதும் புத்தகத்தோடு நிற்கும் பிள்ளை அவன். "தம்பி, சாவான பாவம்னா என்னன்னு தெரியுமா?"

பையன் முதலில் ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். பிறகு சொன்னான்: "அதுக்கு மூணு வேணும் சிஸ்டர். காரியம் பெருசா இருக்கணும். தப்புன்னு முழுசா தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் முழு மனசோட செய்யணும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் அற்பப் பாவம்தான்."

கையெழுத்துக்குக் காத்திருந்த கடிதம் அலுவலக மேசைமேல்தான் இருந்தது. ஆனாலும் அதை அங்கேயே படித்துக்கொண்டிருந்தவர் போல இருந்தது சிஸ்டரின் முகம். காரியம் பெரிதுதான். முழுசாகத் தெரியும்தான்.

மணியடித்ததும் சிஸ்டர் சாரையும் அலுவலகத்துக்கு வரச்சொன்னார். பெஞ்சில் காக்கவைக்காமல் நேரே உள்ளே கூப்பிட்டார். சார் அதிலேயே மிரண்டுபோனார். சிஸ்டர் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி, காலிக் கோட்டை விரலால் தொட்டார்.

"சார், இந்த இடத்துல ஒரு பேரு வேணும். உங்க முப்பத்தொரு பிள்ளைங்கள்ல யாரைப் பார்த்து அந்தப் பொண்ணு எழுதியிருப்பா? மார்க் பட்டியல் இதோ இருக்கு. நீங்களே சொல்லுங்க."

சார் பட்டியலை வாங்கினார். மேடையில் கும்பிட்ட நாளிலிருந்து அவர் அதைப் பார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இப்போது மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார். ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் மேடை அவருக்கு மிஞ்சும். பிள்ளைகள் கற்றார்கள், பக்கத்துப் பிள்ளை திருடியது என்றாகும். அடுத்த வருஷத்தோடு அவர் ஓய்வு பெறுகிறார்.

டீச்சர் சுவரோரம் நின்று சாரின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது தோள் அரை அங்குலம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"இதுல பெரிய மார்க் நாப்பத்து நாலு" என்றார் சார். அந்தக் குரலை அவரிடமிருந்து யாரும் கேட்டதில்லை. "நாப்பத்து நாலைப் பார்த்துத் தொண்ணூத்தேழு எப்படி எழுத முடியும் சிஸ்டர்? காப்பி அடிக்கணும்னா பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

"அப்ப பேரு இல்ல?"

"இருக்கு. என் பேரைப் போடுங்க. என்கிட்ட இருந்துதான் எடுத்திருக்கா. மூணு தடவை சொல்லியிருக்கேன், கொட்டை எழுத்துல போட்டுக்கலாம்."

பெரிய சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வெளியே போனது. அப்புறம் கடிதத்தை நான்காக மடித்துக் கிழித்தார். ஆட்டம் கண்டுகொண்டிருந்த மேசைக்கால் ஒன்றின் கீழ் அந்தத் துண்டுகளைச் செருகினார். புதிதாக ஒரு காகிதம் எடுத்து, தாள்கள் தவறுதலாக அனுப்பப்பட்டன என்றும், எண் முப்பத்தெட்டு யாரையும் பார்த்து எழுதவில்லை என்றும், பலகைத் தடுப்பின் வழியே கேட்டுக் கற்றாள் என்றும் எழுதினார். டீச்சர் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சார் அதற்குக் கீழே போட்டார். கடைசியில் சிஸ்டர்.

"சார்" என்றார் சிஸ்டர், மூக்கால். "ஃபைல் பார்த்துட்டேன். நீங்க போகலாம்."

சார் வாசல்வரை போய்விட்டுத்தான் அந்தக் குரலின் பொருள் புரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆயர் இல்லத்திலிருந்து பதில் வந்தது. முதல் பரிசு வேறு பள்ளிக்குப் போனது. பூட்டுக்காரர் மகளுக்குத் தனியாக ஓர் அகராதி வந்தது. திருத்திய குருவே அனுப்பியது. 'நரகம் என்ற சொல்லுக்கு இதில் பொருள் இருக்கிறது, விளக்கம் இல்லை' என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இரு வகுப்புகளுக்கும் இடையில் உடனடியாகச் சுவர் எழுப்பப்பட வேண்டும்.

நிரந்தர உத்தரவைப் பற்றிக் கேட்காதீர்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று நிர்வாகக் குழு அதை நிறுத்திவைத்தது. இருபதாவது உத்தரவு வந்தது, இந்த ஓராண்டுக்கு மட்டும். டீச்சர் அதையும் அட்டையில் குத்தினார். "வளையல் மாதிரி ரெண்டு கைக்கும் பத்துப் பத்து" என்றார் அக்காவிடம்.

செங்கல் வந்து கூடத்துக்கு வெளியே குவிந்தது. கொத்தனார் மறுநாள் வருவதாக இருந்தது. அன்று மூன்றாம் பீரியட் முடிந்ததும் ஞானோபதேச சார் பலகைக்கு இந்தப் பக்கம் வந்தார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. பொத்தான்களையும் துணிகளையும் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"சுவர் வந்துட்டா நான் யாருக்குப் பாடம் நடத்துவேன்?"

"முப்பத்தொரு பேர் இருக்காங்களே சார்."

"அவங்களுக்கு நடத்தினதில்ல, அவங்க எதிர்ல நடத்தினேன்." சார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "சிஸ்டர்கிட்ட போய்ச் சொன்னேன். சுவர் வேணாம், நடுவுல இருக்கற கதவோட ஆணியைப் பிடுங்குங்க, ரெண்டு கிளாஸும் ஒண்ணா இருக்கட்டும்னேன். ஃபைல் பார்க்கறேன்னாங்க. பெஞ்சுல உட்கார்ந்துட்டு வர்றேன்." கொஞ்சம் தயங்கினார். "டீச்சர், உன்கிட்ட ஒரு பாக்கி இருக்கு. சின்ன வயசுல ஒரு கேள்வி கேட்ட, ஞாபகம் இருக்கா?"

"முட்டிக்கு ஞாபகம் இருக்கு."

"யோசிச்சுப் பார்த்தேன். முள்ளா இருக்கும். ஏவாள் ஒரு முள்ளை எடுத்து இலையைத் தைச்சிருப்பா. நாங்க சின்னப் பிள்ளையில அப்படித்தான் விளையாடுவோம்." முப்பத்தாறு வருஷத்துப் பாரத்தை இறக்கிவைத்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டீச்சர் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகுதான் பேசினார்.

"முள்ளு எப்ப சார் முளைச்சுது? பாவம் பண்ணினதுக்குத் தண்டனையாத்தானே பூமி முள்ளும் புதரும் முளைப்பிக்கும்னு கடவுள் சொன்னார்? இலையைத் தைச்சது அதுக்கு முன்னாடி. போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கதான் மூணு தடவை சொன்னீங்க."

சார் மனசுக்குள் வசனங்களை எண்ணிப் பார்த்தார். டீச்சர் சொன்னதுதான் சரி. அவருடைய முகம் மெல்ல மெல்ல, மூன்றாவது வாரத்திலேயே ஒரு பிள்ளையிடம் மாட்டிக்கொண்ட இருபத்திரண்டு வயதுக்காரனின் முகமானது.

"வெளிய போய் முட்டி போடு" என்றார்.

"வயசாயிடுச்சு சார், வலிக்கும்" என்று சொல்லி டீச்சர் அவரிடம் ஒரு துண்டுத் துணியை நீட்டினார். "நீங்க வேணா இதைத் தைச்சுக்கிட்டே யோசிங்க. ஊசி இருக்கு."